நெற்றியில் இறங்கிய எண்ணெய்

எனக்கு எண்பத்தெட்டு நடக்கிறது. பெற்றது ஆறு, வளர்த்தது ஒன்பது. கூடுதல் மூன்றும் என் நாத்தனார் விட்டுவிட்டுப் போன பிள்ளைகள். ஒன்பதையும் குளிப்பாட்டித் தலைவாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் நான். அதில் நான்கு பெண்கள். நான்கு பேரும் எஸ்.எஸ்.எல்.சி.க்குக் குறைந்து படிக்கவில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு எதற்குச் சொல்ல?

நான் படித்தது நாலாம் வகுப்பு. இந்த நோட்டில் இருப்பது என் கையெழுத்துத்தான். கொம்பும் காலும் சில இடத்தில் மாறிக் கிடக்கும், புள்ளி வைக்க மறந்திருப்பேன். என் வயசுக்காரிகள் யாராவது இதை வாசிக்கச் சொல்லிக் கேட்டால் குறை சொல்ல மாட்டீர்கள் என்று தெரியும். நம்மில் பாதிப் பேரைப் பெரியவளானதும் நிறுத்தினார்கள். மீதியில் பலரைச் சேர்க்கவே இல்லை. என்னை நிறுத்தியது பரு. முகப்பரு. சிரிக்காதீர்கள்.

இப்போது இதை எழுத வைத்தவள் என் பேத்தி. பதினாறு வயது. நெற்றியிலும் கன்னத்திலும் பரு. போன மாதம் ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு இரண்டு கட்டைவிரல் நகத்தையும் சேர்த்துவைத்து ஒன்றைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். கண்ணாடியில் வெள்ளையாக ஒரு பொட்டுத் தெறித்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிள்ளையைப் பார்த்து அல்ல. எழுபத்தைந்து வருஷத்துக்கு முந்திய வேறொரு நகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

அப்போது எங்கள் வீடு தென்காசியில், பெரிய கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி. கோபுரம் அந்த நாளில் இடிந்து மொட்டையாக நிற்கும். அதன் தலையில் செடி முளைத்துக் காற்றில் ஆடும். எங்களுக்கு வயல் இருந்தது, வில்வண்டி இருந்தது. வீட்டில் அப்பா, அம்மா, நான், அத்தை. பெரியப்பா குடும்பம் சுவரை ஒட்டி அடுத்த வீட்டில்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். பதினைந்து வயதில் தாலி இறங்கி, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். நான் சொல்லுகிற காலத்தில் அவளுக்கு நாற்பது இருக்கும். சாவிக்கொத்து அவள் இடுப்பில். உப்புக்கும் புளிக்கும் என் அம்மா அவளைக் கேட்க வேண்டும். வெள்ளைச் சேலை. பூ இல்லை, பொட்டு இல்லை, தலைக்கு எண்ணெய் இல்லை. தாலி இல்லாதவளுக்கு எண்ணெய் எதற்கு என்பது எங்கள் வீட்டு வழக்கம். அவள் தலைமயிர் காய்ந்த நார் மாதிரி பறந்துகொண்டிருக்கும். ஆனால் முகத்தைப் பார்க்க வேண்டுமே! புளிபோட்டுத் துலக்கின வெண்கலக் கும்பா. ஒரு புள்ளி, ஒரு வடு கிடையாது. அதை அவளே எல்லாரிடமும் சொல்லிக்கொள்வாள்.

"மனசுல அழுக்கு இல்லேன்னா மூஞ்சியில எங்கன இருந்து அழுக்கு வரும்? என் மூஞ்சியப் பாருங்க."

எனக்குப் பங்குனி மாதம் முதல் பரு வந்தது. புருவ நடுவில், சரியாகப் பொட்டு வைக்கிற இடத்தில். சித்திரையில் நெற்றி முழுக்கப் பரவி, வைகாசியில் கன்னத்துக்கும் இறங்கிவிட்டது. சில பருக்களுக்கு வெள்ளைத் தலை இருக்கும். சில பழுக்கவும் செய்யாது, அமுங்கவும் செய்யாது, உள்ளேயே இருந்து தெறிக்கும். என்னிடம் சிவப்புச் சட்டம் போட்ட ஒரு கைக்கண்ணாடி இருந்தது. அதை எங்கே தொலைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. அந்த வருஷம் அதைக் குப்புறக் கவிழ்த்தே வைத்திருந்தேன்.

அத்தை என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"ஏட்டி, யாரை நெனைச்சே?"

"யாரையும் நெனைக்கல, அத்தே."

"நெனைக்காம இப்பிடிப் பொங்குமாக்கும்? நெத்தி பூரா நெனைப்பாக் கெடக்கு."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வயதில் என் நினைப்பெல்லாம் ஐந்தாம் வகுப்புப் பாடப்புத்தகம்தான். நான் பள்ளிக்கூடத்தில் பிந்திச் சேர்ந்தவள். ஆனாலும் நாலாம் வகுப்பில் இன்ஸ்பெக்டர் வந்தபோது, டீச்சர் வாசிக்க எழுப்பியது என்னைத்தான். ஒரு பக்கம் முழுக்க, எங்கும் தட்டாமல் வாசித்தேன். இன்ஸ்பெக்டர் 'இன்னொரு பக்கம்' என்றார். அதையும் வாசித்தேன். அந்த இரண்டு பக்கத்தைத்தான் ஐந்தாம் வகுப்பு வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனி மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற முதல் நாள், அப்பா சாப்பிடும்போது அத்தை பேச்சை எடுத்தாள்.

"தம்பி, இந்த மூஞ்சியோட இவ தெருவுல போனா பாக்கவ என்ன சொல்லுவா? பெரியவளாகுறதுக்கு முந்தியே புத்தி போயிட்டும்பா. நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

அப்பா இலையைப் பார்த்தபடியே சொன்னார்: "ஆடி முடியட்டும்க்கா. அதுக்குள்ள மூஞ்சி தெளிஞ்சா போகட்டும். தெளியலன்னா வீட்டோட இருக்கட்டும்."

டீச்சர் கறுப்புக் குடையை மடக்கிக்கொண்டு ஒருநாள் வாசல்வரை வந்தார்.

"நல்லாப் படிக்கிற பிள்ளை, அண்ணாச்சி. ஆடி கடைசி வரைக்கும் பேரை வச்சிருப்பேன். அதுக்கு மேல வராட்டா எடுத்துருவாங்க."

அப்பா தலையை ஆட்டினார். அதிலிருந்து என் படிப்பு என் நெற்றியில் இருந்தது. தெளிந்தால் ஐந்தாம் வகுப்பு, தெளியாவிட்டால் அடுப்படி. அதனால் அத்தை என்ன செய்தாலும் சரி, முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

என்ன செய்தாள் என்று கேளுங்கள்.

பல் விளக்காத எச்சில் பருவுக்கு மருந்து என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். நம் காலத்தில் எல்லா வீட்டிலும் அவரவர் எச்சிலை அவரவர் தடவிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் என் எச்சில் ஆகாது என்றாகிவிட்டது. என் மனசு சரியில்லையாம், எச்சில் மட்டும் எப்படிச் சரியாக இருக்கும்? அதனால் அத்தையின் எச்சில். அவளுக்கு மூக்குப்பொடிப் பழக்கம் உண்டு. விடிந்ததும் என் பாய்க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வாய்க்குள் நடுவிரலை விட்டுச் சுழற்றி எடுத்து, ஒவ்வொரு பருவாகத் தொட்டுத் தொட்டு வைப்பாள். பொடியின் காரமும், இரவெல்லாம் மூடிக்கிடந்த வாயின் புளிச்ச நாற்றமும், அது காயக் காயத் தோலை இழுக்கிற இழுப்பும்... சீ. இதை எழுதும்போது கூடத் தண்ணீரை எடுத்து முகத்தில் அடித்துக்கொண்டு வந்துதான் உட்கார்ந்தேன்.

எச்சில் காய்ந்த பிறகு கன்றுக்குட்டிக் கோமியம். அதற்கு மேல் ஜாதிக்காய் உரைத்துப் பத்து. பத்து மட்டும் வாசனையாக இருக்கும், பாலில் உரைப்பார்கள். மதியத்துக்குள் பால் திரிந்து அதுவும் நாறும். ஈ வந்து உட்காரும். தட்டக் கூடாது, பத்து உதிர்ந்துவிடும். உள்ளுக்குக் கொடுத்த வேப்பங்கொழுந்தையும் விளக்கெண்ணெயையும் பற்றிச் சொல்லவில்லை. புறவாசலுக்கும் எனக்கும் நடந்த நடையை எழுத எனக்குக் கூச்சம்.

வெள்ளி, செவ்வாய் நீங்கலாக மற்ற நாளெல்லாம் நகம். தலையை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டு பிதுக்குவாள். நான் துள்ளினால் முழங்காலால் தோளை அழுத்துவாள். வந்ததை நகத்தில் ஏந்தி அம்மாவிடம் காட்டுவாள்.

"பாரு, முளை வந்துட்டு. எம்புட்டு நீளம் பாரு."

அம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, "போதும் மதினி, பிள்ளைக்கு ரெத்தம் வருதுல்லா" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச அம்மாவுக்கு அந்த வீட்டில் பாத்தியதை இல்லை.

இவ்வளவுக்கும் மேலே எண்ணெய். பரு என்பது சூடு, சூட்டுக்கு எண்ணெய் என்பதில் ஊருக்கே சந்தேகம் கிடையாது. சீரகம் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை உள்ளங்கை நிறைய எடுத்து உச்சியில் அறைந்து, அது நெற்றிவழியே ஒழுகும்போது, வீணாகப் போகக் கூடாது என்று முகத்திலும் தேய்த்துவிடுவாள். உடனே குளிக்கக் கூடாது. ஊற வேண்டும். ஊறிய தலையோடு படுத்து எழுந்து என் தலையணை மாட்டுத்தோல் மாதிரி ஆகிவிட்டது. அதன் சிக்கு வாடை வாசற்படியிலேயே அடிக்கும். என் சிலேட்டும் கெட்டது. நாள் முழுக்க எண்ணெய்க் கையோடு தொட்டுத் தொட்டு, பலப்பம் வழுக்கியது. 'அம்மா' என்று எழுதினால் முதல் எழுத்துக்கு மேல் விழாது. சாம்பல் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். கற்பலகையில் ஊறின எண்ணெய் போகவே இல்லை.

ஆனி பாதியில் சாரல் தொடங்கியது. அருவியில் நின்றால் தலைச்சூடு இறங்கிவிடும் என்று என்னைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோனார்கள். அத்தையும் அம்மாவும் நானும் ஒரு வீட்டில் தங்கினோம். குற்றாலம் என்றால் எல்லாரும் குளிர்ச்சி, மூலிகைத் தண்ணீர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்கள். நான் கண்ணைத் திறந்து பார்த்தவள். பெண்கள் பக்கத்துப் பாறையில் வரிசையாக உட்கார்ந்து உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் பூசியிருப்பார்கள். ஒருத்தி முதுகில் வழிந்த எண்ணெய் பின்னால் இருப்பவள் முழங்காலில் சொட்டும். எல்லாரும் அப்படியே போய் அருவிக்குக் கீழே நிற்பார்கள். மேலே இருந்து விழுவது நல்ல தண்ணீர்தான், அதை மறுக்கவில்லை. காலடியில் தேங்கி நிற்பதைப் பார்க்க வேண்டும். எண்ணெய் பாளம் பாளமாக மிதக்கும். அதில் சீயக்காய் நுரை, பயத்தமாவுக் கட்டி, யார் யார் தலையிலிருந்தோ உதிர்ந்த மயிர்ச்சுருள். அது கால்விரலில் சுற்றும். அருவியின் அடி தாங்காமல் நான் தடுக்கி விழுந்தபோது அந்தத் தண்ணீர் ஒரு வாய் உள்ளே போனது. ஊர்க்காரிகள் எல்லாருடைய தலையும் என் தொண்டையில் இறங்கியது போல இருந்தது.

சாரல் காலத்துக்கு மட்டும் அங்கே வந்து கடை போடுகிற ஒரு வைத்தியர் இருந்தார். வாய் கட்டிய ஒரு மண்கலயம் எப்போதும் அவர் பக்கத்தில் இருக்கும். உள்ளே அட்டை.

"சூடு, ஆச்சி. பித்தச் சூடு. மண்டையில ஏறி மூஞ்சியில வெடிக்கி."

"தெனமும் எண்ணெ வைக்கோம் வைத்தியரே. அது பத்தலையா?"

"பத்தாது. ரெட்டிப்பா வையுங்க. இப்ப கெட்ட ரெத்தத்த எடுத்துருதேன்."

கன்னத்தில் இரண்டு, நெற்றியில் ஒன்று. முதலில் ஈரமாக, சில்லென்று ஒட்டியது. அப்புறம் ஒன்றும் தெரியவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கண்ணோரத்தில் ஒன்று நாவற்பழம் மாதிரி உப்பிக்கொண்டு வருவது மட்டும் தெரிந்தது. உப்பைத் தொட்டு வைத்ததும் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. வைத்தியர் அதை வாழையிலைத் துண்டில் வைத்துத் தலையிலிருந்து வால்வரை விரலால் உருவினார். கறுப்பாகக் கக்கியது.

"பாத்தீகளா? எப்பிடிக் கறுத்துக் கெடக்கு பாருங்க!"

"இதத்தான் நான் சொன்னேன்," என்றாள் அத்தை. "இம்புட்டு அழுக்கையும் உள்ள வச்சுக்கிட்டுத்தான் ஒண்ணுந்தெரியாத மாதிரி இருந்திருக்கா."

எந்த மனுஷ ரத்தமும் அட்டை வயிற்றுக்குப் போய் வந்தால் கறுப்பாகத்தான் இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. என் ரத்தம் அவ்வளவு கெட்டதா என்று நானே நம்பி அழுதேன். அட்டை கடித்த வாய் மூடாமல் மத்தியானம்வரை கன்னத்தில் கசிந்தது. அதன் மேலும் எண்ணெய்.

ஆடி பிறப்பதற்கு மூன்று நாள் முன்பு ஆள் வந்தது. பெரியப்பா போய்விட்டார். ஈரத் துணியோடு வண்டி ஏறித் தென்காசிக்கு வந்தோம்.

எங்களில் பங்காளி வீட்டில் சாவு என்றால் பதினாறு நாள் யாரும் தலைக்கு எண்ணெய் தொடக் கூடாது. உங்கள் வீடுகளிலும் அப்படித்தான் இருந்திருக்கும். சாவு வீட்டு வேலையில் என் முகத்தை யாரும் நினைக்கவும் இல்லை. எச்சில் இல்லை, கோமியம் இல்லை, நகம் இல்லை. கிணற்றில் இறைத்து வெறும் தண்ணீரில் தலை முழுகுவோம், அவ்வளவுதான். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, அழுகைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவள் தற்செயலாக நெற்றியைத் தடவினேன். சொரசொரப்பு குறைந்திருந்தது. உள்ளே போய்க் கைக்கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தேன். பழைய சிவப்புத் தடம் கிடந்ததே தவிர, புதிதாக ஒன்றுகூட இல்லை. பெரியம்மா கதறுகிற சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிறது. நான் கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கிறேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. இருந்தாலும் சிரித்தது நிஜம். எழுதாமல் விடக் கூடாது.

துக்கத்துக்கு வந்தவர்களும் பார்த்துவிட்டார்கள். "பெரியப்பனுக்கு அழுது அழுது பிள்ளைக்கு மூஞ்சி தெளிஞ்சிட்டு" என்றாள் ஒருத்தி. "அழுதா மனசு கழுவும்லா" என்று அத்தை ஒத்துக்கொண்டாள். அப்பாவும் என்னைக் கூப்பிட்டுப் பார்த்தார்.

"பதினாறு கழிஞ்சு வாற திங்கக்கெழமை பள்ளிக்கூடம் போ."

பதினாறாம் நாள் பங்காளி வீட்டார் எல்லாரும் எண்ணெய் தேய்த்துத் தலை முழுகித் தீட்டுக் கழிக்க வேண்டும். அத்தை பாக்கி வைத்த பதினாறு நாளுக்கும் சேர்த்துத் தேய்த்தாள். வைத்தியர் சொன்ன ரெட்டிப்பும் சேர்ந்தது. மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குத் தலை குளிர்ந்திருக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை நெற்றி அரித்தது. சனிக்கிழமை மயிர் விளிம்பை ஒட்டி வரிசையாகத் துளிர்த்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நெற்றி நிறையப் பழுத்துவிட்டது.

அன்றைக்குப் புறவாசலில் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன். அத்தை எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். வெயில் அவள் நெற்றியில் விழுந்தது. அந்த வீட்டிலேயே எண்ணெய் படாத ஒரே தலை. ஒரு புள்ளி இல்லாத நெற்றி. நான் எழுந்து நின்றேன்.

"எனக்கு எண்ணெ வேண்டாம் அத்தே."

"என்னது?"

"எண்ணெயிலதான் வருது. பதினாறு நாளும் வைக்கல, வரல. வச்சோம், வந்துட்டு."

"பைத்தியம் மாதிரிப் பேசாத. ஒங்கம்மா வைக்கா. அவளுக்கு வருதா?"

"அது எனக்குத் தெரியாது. எனக்கு வருது. நீங்க வைக்கல, ஒங்களுக்கு வரல."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அத்தை துவைகல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். கிண்ணம் சாய்ந்து எண்ணெய் அவள் வெள்ளைச் சேலையில் வழிந்துகொண்டிருந்தது. அவள் கவனிக்கவில்லை.

"எனக்கும் இருந்துதுட்டி," என்றாள். அவள் குரலே வேறாக இருந்தது. "ஒன்னய விட மோசமா இருந்துது. அவரு ஏறிட்டுப் பாக்க மாட்டாரு. 'மூஞ்சியத் திருப்பு'ம்பாரு. அவரு போயி ஒரு வருசத்துல ஒண்ணு இல்லாம அத்துப்போச்சு. ஆசைய எடுத்துக்கிட்டு சாமி மூஞ்சியக் குடுத்துட்டாருன்னுல்லா இருந்தேன்."

அவள் கை மெதுவாக மேலே போய்த் தன் நெற்றியைத் தொட்டது. அப்புறம் அந்தக் காய்ந்த தலைமயிரைத் தொட்டது.

"வெறும் எண்ணெயா?" என்றாள். என்னைக் கேட்கவில்லை. "வெறும் எண்ணெதானா?"

எழுந்து சேலையைப் பார்த்து முகம் சுளித்தாள். "இத யாருகிட்டயும் சொல்லக் கூடாது, கேட்டியா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அத்தைக்கு விளங்கிவிட்டது, இனி எண்ணெய் இல்லை, பத்து நாளில் தெளிந்துவிடும், ஆடி முடிய இன்னும் நாள் இருக்கிறது என்று விரல்விட்டு எண்ணினேன்.

மத்தியானம் அப்பா சாப்பிட உட்கார்ந்தார். நான் தண்ணீர்ச் செம்போடு நின்றேன்.

"யக்கா, நாளைக்கு இவள அனுப்பலாம்லா? மூஞ்சி என்ன, மறுபடியும் இப்பிடி இருக்கு? என்னவாம்?"

அத்தை என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். 'எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்தினால் சரியாகும், பத்து நாள் பொறு' என்று அவள் ஒரு வாய் சொன்னால் போதும். அப்பா அவள் பேச்சைத் தட்டியதே இல்லை.

"தெளியாது தம்பி," என்றாள். "இவ நெனைப்பு சரியில்ல. பள்ளிக்கூடம் வேண்டாம்."

நான் வாயைத் திறந்தேன். "எண்ணெயிலதான்ப்பா..." என்று தொடங்கினேன்.

"எண்ணெ வைக்காம, தாலியறுத்தவ மாதிரி தலைய விரிச்சுப் போட்டுட்டுப் போகப் போறியா தெருவுல?" என்று அத்தை கத்தினாள். அந்த வார்த்தைக்குப் பிறகு எந்த அப்பன் பேசுவான்? அவர் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அடுத்த நாள் காலையில் அத்தை எச்சிலோடு வரவில்லை. நகத்தோடும் வரவில்லை. தன் பழைய வெள்ளைச் சேலையிலிருந்து இரண்டு முழ நீளத்துக்குக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்தாள். அதை என் நெற்றியைச் சுற்றி, மயிர் விளிம்பை ஒட்டி இறுக்கிக் கட்டினாள். உச்சியில் மட்டும் ஒரு விரல் எண்ணெய் தொட்டு வைத்தாள். ஒரு சொட்டு கீழே இறங்காதபடி துணி உறிஞ்சிக்கொண்டது. ஊற விடவில்லை. உடனே பயத்தமாவு போட்டு அலசி, முகத்தை வெறும் தண்ணீரில் கழுவச் சொன்னாள். தலையணை உறையைச் சாம்பல் போட்டு அவளே துவைத்தாள்.

"இது என்ன மதினி துணி?" என்று அம்மா கேட்டாள்.

"கண்ணுல எண்ணெ எறங்குதுல்லா, அதுக்கு."

தினமும் அப்படித்தான். ஒரு வார்த்தை என்னிடம் பேச மாட்டாள். நான் சொன்னது சரி என்று அவள் கை ஒத்துக்கொண்டது. வாய் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஆவணி கடைசியில் என் முகம் அவள் முகம் மாதிரியே ஆகிவிட்டது. ஆடியோடு என் பேரை எடுத்துவிட்டார்கள். டீச்சர் கறுப்புக் குடையோடு தெருவில் போவதை ஜன்னல்வழியே பார்த்தேன். அவர் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஐப்பசியில் நான் பெரியவளானேன். அதற்குப் பிறகு பேசுவதற்கு ஒன்றும் இல்லை.

தெளிந்த முகம் கல்யாணத்துக்குத்தான் உதவியது. பதினாறு வயதில் ஆலங்குளத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நான் காப்பி டம்ளர்களோடு நிற்கிறேன். வந்தவர்களில் ஒரு அம்மாள், "பிள்ளை மூஞ்சி பளிங்கு மாதிரில்லா இருக்கு" என்றாள். அத்தை எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"மனசுல அழுக்கு இல்லேன்னா மூஞ்சியில எங்கன இருந்து அழுக்கு வரும்?"

அட்டையைக் கூட நான் மன்னித்துவிட்டேன். அது அதன் வயிற்றுப்பாட்டுக்குக் குடித்தது. எச்சிலையும் அருவித் தண்ணீரையும் இத்தனை வருஷத்தில் கழுவிவிட்டேன். அந்தப் பேச்சுதான் இன்றுவரை என் மேல் பிசுபிசுக்கிறது. சொல்லும்போது அவள் என் பக்கம் பார்க்கவில்லை.

ரொம்ப வருஷம் அவளுக்கு என் படிப்பின் மேல் பொறாமை என்றே நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. இருபத்தைந்து வருஷமாக அவளிடம் இருந்த ஒரே சொத்து அந்த நெற்றி. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சாமி கொடுத்தது என்று அவள் வைத்திருந்ததை, ஒரு பதிமூன்று வயதுச் சிறுக்கி எண்ணெய்க் கணக்கு என்று சொல்லிவிட்டாள். அதை ஊருக்கு முன்னால் ஒத்துக்கொண்டால் அவளுக்கு என்ன மிஞ்சும்? பாவம் என்று எழுதப் போனேன். எழுதி, அடித்துவிட்டேன். அடித்த இடம் மேலே தெரியும். ஒரு வாய் திறந்திருந்தால் போதும் அவள்.

போன மாதம் பேத்தியைத் திருநெல்வேலியில் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். சின்னப் பெண்தான் டாக்டர். நானும் வருவேன் என்று அடம்பிடித்துப் போனேன்.

"இந்த வயசுல தோலுக்கு உள்ளயே எண்ணெ அதிகமா ஊறும் பாட்டி. துவாரம் அடைச்சுக்கும், கிருமி சேந்து பழுக்கும். யாருக்கு வரும், யாருக்கு வராதுங்கிறது உடம்புவாகு."

"தலைக்கு வைக்கிற எண்ணெ நெத்தியில எறங்கினா?"

"அதுவும் சேந்து அடைக்கும். நெத்தியில வரிசையா வந்தா நாங்க மொதல்ல அதத்தான் கேப்போம்."

"மனசுக்கும் இதுக்கும் எதாவது உண்டாம்மா? கெட்ட நெனைப்பு, அது மாதிரி?"

டாக்டர் சிரித்துவிட்டாள். "நெனைப்புல பரு வருமா? அதெல்லாம் இல்ல பாட்டி."

நான் சிரிக்கவில்லை. எழுபத்தைந்து வருஷம் கழித்து எனக்குத் தீர்ப்புச் சொன்ன பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்திரிக்கு ஒரு களிம்பு, மெல்லிசாகத் தடவ வேண்டும். முகத்தைக் காலையும் மாலையும் கழுவ வேண்டும், தேய்த்துப் புண்ணாக்கக் கூடாது. இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். நகம் படவே கூடாது. இவ்வளவுதான் வைத்தியம்.

நான் வளர்த்த ஒன்பது தலையிலும் எண்ணெயை நெற்றிக்கு இறங்க விட்டதில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு. நகத்தைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. என் இரண்டாவது மகளுக்கு இடது கன்னத்தில் ஒரு குழி இருக்கிறது. ஒரு கல்யாணத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில் நான் பிதுக்கியது. அவள் துள்ளினாள், நான் முழங்காலால் தோளை அழுத்தினேன். யார் முழங்கால் அது என்று அப்புறம்தான் உறைத்தது. மகளுக்கு இப்போது அறுபது ஆகிறது. கேட்டால் அம்மை வடு என்று சொல்லி என்னைக் காப்பாற்றுகிறாள்.

இதை எழுத இருபது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. எழுத்தைப் போட்டுவிடுகிறேன். போட்டதைத் திரும்பக் கோத்து வாசிக்கப் போனால் கண் தடுமாறுகிறது, எழுத்துக்கூட்டிக்கூட்டி ஒரு வரி முடிவதற்குள் முன்வரி மறந்துபோகிறது. இரண்டு பக்கம் தட்டாமல் வாசித்த பிள்ளைதான் நான்.

ஏட்டி, இங்கன வா. நெத்தியில இருந்து மொதல்ல கையை எடு. இந்தா நோட்டு. கொம்பு காலெல்லாம் திருத்தாத, எப்பிடிக் கெடக்கோ அப்பிடியே வாசி. நின்னுக்கிட்டு வாசி. இன்ஸ்பெக்டர் வந்தா நிக்கணும்லா, அது மாதிரி. ம், தொடங்கு.